பலகைகளுக்குக் கீழே

விமானத்தின் இரைச்சல் கூரையைத் தாண்டித் தேய்ந்துபோன பிறகுதான் கௌரிக்கு அது முதன்முதலில் கேட்டது. சமையலறைத் தரைக்குக் கீழே யாரோ அடக்கிவைத்திருந்த மூச்சை மெல்ல விட்டதுபோல ஒரு சத்தம்.

வெங்காயம் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள். ஒன்றும் இல்லை. பழைய வீடு, பலகைத் தரை. ஈரம் ஏறாமல் இருக்க, கீழே ஒரு ஆள் தவழக்கூடிய அளவுக்கு வெற்றிடம் விட்டுத்தான் இங்கே கட்டுவார்கள் என்று வீடு காட்டிய ஏஜென்ட் சொல்லியிருந்தான். காற்றாக இருக்கும்.

நியூசிலாந்தின் பாபடோயிட்டோயில் ஒன்றோடொன்று ஒட்டி நின்ற செங்கல் வீட்டு வரிசையில் நடுவீடு அது. தொண்ணூற்றாறாம் ஆண்டுக் குளிர்காலத்தில் வாங்கினார்கள். கணவன் பாஸ்கரனுக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை, சைக்கிளிலேயே போய்வரலாம். இரண்டு பக்கமும் வயதான வெள்ளைக்காரர்கள். கண்டால் சிரிப்பார்கள், அதற்கு மேல் கதை இல்லை. அவன் வேலைக்குப் போனால் பகல் முழுக்க வீட்டில் அவளும் அந்தத் தரையும்தான்.

மெல்ல மெல்ல அவளுக்கு அந்தச் சத்தத்தின் ஒழுங்கு பிடிபட்டது. கூடத்தைக் கூட்டும்போதோ உடுப்பு மடிக்கும்போதோ கீழே ஒரு கிசுகிசுப்பு இருந்துகொண்டே இருக்கும். பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்துக்கொள்ளலாம் போல, அவ்வளவு மெல்லியது. தூரத்தில் விமானத்தின் முதல் உறுமல் கேட்டதும் அது சட்டென்று நின்றுவிடும். வீடு அதிரும். கண்ணாடிகள் நடுங்கும். விமானம் போன பிறகு, பலகை இடுக்குகளின் வழியே வெதுவெதுப்பாக ஒரு காற்று அவளுடைய பாதத்தில் படும். ஈர மண்ணும் வியர்வையும் மண்ணெண்ணெய் விளக்குப் புகையும் கலந்த அந்த மணம் அவளுக்குத் தெரியும். ஊரில், கொக்குவிலில், குண்டு போட பொம்மர் விமானம் வந்த நாட்களில், பங்கர்க் குழிக்குள் இருந்து அந்த மணத்தைத்தான் குடித்திருந்தாள். அந்த வருடங்களில் பாஸ்கரன் சிங்கப்பூரில் இருந்தான்.

ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"கீழ ஆக்கள் இருக்கினம். கதைக்கினம்."

பாஸ்கரன் சிரிக்கவில்லை. சோற்றைப் பிசைந்தபடி சொன்னான்: "இது நியூசிலாந்து, கௌரி. எலியாயிருக்கும்."

"எலி தமிழ் கதைக்குமே?"

"நான் சனிக்கிழமை இறங்கிப் பாக்கிறன். சரியே?"

"வேண்டாம். வேற வீட்டுக்குப் போவம்."

"வீட்டுக்கடன் மோர்ட்கேஜுக்குக் கையெழுத்து வைச்ச மை இன்னும் காயேல்லை. எங்க போறது, சொல்லும்?"

சனிக்கிழமை, நடையில் இருந்த அலுமாரிக்குள் தரையில் சதுரமாக வெட்டியிருந்த மூடியைத் தூக்கி, டோர்ச்சோடு இறங்கினான். அவள் சுவரோடு ஒட்டி நின்றாள். அவன் தவழ்கிற சத்தம் சமையலறைப் பக்கம் போனது, அடுத்த வீட்டுப் பக்கம் போனது, பிறகு கேட்கவே இல்லை. நெடுநேரம் கழித்து வந்தான். முழங்கையெல்லாம் மண்.

"ஒண்டும் இல்லை. இடையில சுவரும் இல்லை. எல்லா வீட்டுக்கும் கீழ ஒரே வெளியாய்ப் போகுது." கையைத் தட்டிக்கொண்டு கேட்டான்: "நீர் ஏன் என்னைக் கூப்பிட்டனீர்?"

"நான் கூப்பிடேல்லையே."

"கூப்பிட்டனீர். கடைசி வீட்டுப் பக்கம் இருந்து."

அன்றிரவு பாஸ்கரன் கூடத்து லைட்டை அணைக்காமலே படுத்தான்.

அடுத்த கிழமை மழை பிடித்துக்கொண்டது. மரமெல்லாம் ஊறி, கதவுகள் நிலையில் இறுகின. அவன் வேலை முடிந்து வருகிற மாலை நேரம். வெளியே இருட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் பருப்பு கொதித்தது. கீழே கிசுகிசுப்பு. அன்றைக்கு அது கிட்டத்தில் கேட்டது. பாதத்துக்கு நேர் கீழே.

"கௌரி."

கரண்டி கையிலிருந்து விழுந்தது.

"கௌரி, கெதியா வா. வருது."

வெளியே ஓடிவிட வேண்டும். றோட்டுக்கு. மழைக்குள். எங்காவது. முன்கதவின் பிடியைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். காலை நிலையில் உதைத்து இழுத்தாள். மேகத்துக்குள் இரைச்சல் தொடங்கியது. தாழ்வாக. மிகத் தாழ்வாக. சமையலறைத் தட்டில் கோப்பைகள் கிலுங்கின. வெறும் விமானம், வெறும் விமானம் என்று வாய்விட்டுச் சொன்னாள். சொல்லிக்கொண்டே இருந்தாள். மனம் கதவில்தான் நின்றது.

உடம்பு கேட்கவில்லை.

எத்தனையோ தரம் பங்கருக்குள் ஓடிப் பழகிய உடம்பு. குனிந்து, தலையைக் கையால் மூடி, நடை அலுமாரிக்குள் ஓடியது.

கைக்குக் கீழே ஈர மண். இருட்டு. தலைக்கு மேலே மூடி விழுந்து மூடிக்கொண்டது. அவள் அதைத் தொடவில்லை.

இரைச்சல் போனது. அவளைச் சுற்றி எல்லாப் பக்கமும் மூச்சு வெளியேறியது.

மேலே முன்கதவு சுலபமாகத் திறந்தது. சப்பாத்துச் சத்தம். "கௌரி? பருப்பு அடிப்பிடிக்குது." பாஸ்கரன். கூப்பிட வாயைத் திறந்தாள். ஒரு கை வந்து வாயைப் பொத்தியது. முரட்டுத்தனமில்லை. ஒரு தாய் பிள்ளையின் வாயைப் பொத்துகிற மாதிரி. கையில் சூடு இல்லை.

"சத்தம் போடாதை," என்றது காதோரம்.

அவன் சமையலறை லைட்டைப் போட்டான். பலகை இடுக்குகளின் வழியே வெளிச்சம் கீற்றுக்கீற்றாக இறங்கியது. அப்போது அவள் பார்த்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தோளோடு தோள் இடித்து, ஆட்கள். ஒவ்வொருவர் கையும் அடுத்தவர் வாயில். எல்லா முகமும் மேலே பார்த்தபடி. கண் இருக்க வேண்டிய இடத்தில் மண். பக்கத்து வீட்டுக்குக் கீழே, அதற்கும் அடுத்த வீட்டுக்குக் கீழே, வெளிச்சம் எட்டாத தூரம் வரைக்கும்.

"கௌரி?" அவன் குரலில் இப்போது பயம் இருந்தது. காலடிகள் நடைக்கு வந்தன. நின்றன. அலுமாரிக் கதவு திறந்தது.

வேண்டாம், வேண்டாம் என்று அந்தக் கைக்குள்ளேயே கத்தினாள். தன் காதுக்கே கேட்கவில்லை.

மூடியின் விளிம்பில் அவனுடைய விரல்கள் தெரிந்தன.

ஒரு சத்தமும் இல்லாமல், அந்த வரிசை முழுக்க, அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தது.