பூஜ்யம் காட்டிய போன்

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜினிக்குத் தூக்கிவாரிப்போட்டது. டாங்க்கில் தண்ணீரின் அளவு பூஜ்யம் என்றது போன்.

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலுள்ள அந்தக் காம்பவுண்டில் நான்கு வீடுகளுக்கும் ஒரே டாங்க். ஆறாம் வகுப்பு ஜினி இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, அதன் மூடியில் ஒரு சென்சாரையும் தீப்பெட்டி அளவு வைஃபை போர்டையும் பொருத்தியிருந்தாள். நிமிடத்துக்கு ஒருமுறை போர்டு தண்ணீரின் அளவைப் பள்ளிக்கூட சர்வருக்கு அனுப்பும். சர்வர் அதைப் போனில் காட்டும். திங்கட்கிழமை அறிவியல் கண்காட்சிக்கு அதுதான் அவளுடைய வேலை.

எட்டு மணிக்குத்தான் மோட்டார் போட்டு டாங்க்கை நிரப்பியிருந்தார்கள். அதற்குள் அத்தனை தண்ணீரும் எங்கே போயிற்று? அப்பா தங்கபாண்டி திறந்த வாயை மூடவில்லை. காம்பவுண்டே கூடிவிட்டது. யாருக்கும் குழாயைத் திறந்து பார்க்கத் தோன்றவில்லை. போனே சொல்லிவிட்ட பிறகு குழாய் எதற்கு?

எல்லோர் கண்ணும் வடிவம்மாள் அத்தையின் வாசலுக்குத்தான் போயிற்று. லாட்ஜ் விரிப்புகளைத் துவைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் அவள்.

"நான் ரெண்டு வாளிதான் எடுத்தேன்" என்றாள் அத்தை. யாரும் நம்பவில்லை. அவள் வீட்டுக் குழாயை அடைத்துவிட வேண்டியதுதான் என்றார் பக்கத்து வீட்டு ஜெயன் மாமா.

அத்தையின் கண் கலங்கியதும் ஜினிக்கு என்னவோ போலாகிவிட்டது. தன் போர்டு சொன்னதால்தானே இத்தனையும். எதற்கும் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஏணியில் ஏறி மூடியைத் திறந்தாள். அப்படியே திகைத்துப்போனாள். தண்ணீர் கிட்டத்தட்ட விளிம்பு வரை தளும்பிக்கொண்டிருந்தது.

போனில் சதவீதத்தைப் பார்த்தாள். தொண்ணூறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூஜ்யம். மறுபடியும் தொண்ணூறு.

ஒரு டாங்க் நிறைந்தும் காலியாகவும் இருக்க முடியுமா? அப்படியானால் இவை இரண்டு டாங்க்.

அப்போதுதான் உறைத்தது. அடுத்த தெருவிலிருக்கும் வகுப்புத்தோழி ஷாலுவும் தன் வீட்டு டாங்க்கில் ஒரு போர்டு மாட்டியிருந்தாள்; அவளுக்கு நேற்று தன் ப்ரோகிராமை அப்படியே கொடுத்திருந்தாள் ஜினி. பரீட்சையில் பார்த்து எழுதுகிறவன் பெயரையும் சேர்த்து எழுதியது போல, ஷாலு போர்டின் பெயரைக்கூட மாற்றவில்லை. ஒரே பெயரில் இரண்டு போர்டு பேசினால் எது யாருடையது என்று சர்வருக்கு எப்படித் தெரியும்?

உடனே ஷாலுவைக் கூப்பிட்டாள். "எடீ, உங்க டாங்க் காலியாக் கிடக்கு. போய்ப் பாரு."

சற்று நேரத்தில் ஷாலு திரும்பக் கூப்பிட்டாள். "பைப்பு பொட்டி எல்லாம் ஒழுகிப்போச்சுடீ. ஒரு துள்ளி தண்ணி இல்ல."

ஜினி இறங்கி வந்து எல்லோர் முன்னாலும் நின்றாள். "தப்பு என் போர்டுலதான். அத்தை ரெண்டு வாளிதான் எடுத்தாங்க" என்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தபோது அழுகைதான் வந்தது. ஜெயன் மாமா தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வடிவம்மாள் விறுவிறுவென்று உள்ளே போனாள். கோபம்தான் என்று ஜினிக்குத் திக்கென்றது. ஆனால் திரும்பி வந்தவளின் இரண்டு கையிலுமாக இரண்டு வாளித் தண்ணீர் இருந்தது. விரிப்பு அலசப் பிடித்து வைத்த அதே தண்ணீர்.

"அழுதது போதும் பிள்ளே. தண்ணியில்லாத அந்தப் பிள்ள வீட்டுக்கு வழி காட்டு."

ஒரு வாளியை ஜெயன் மாமா வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.