பொம்மை காயும் நேரத்தில் விமானம் விடக்கூடாது

"கயிறே இல்லையே மாமா! அப்புறம் எப்படி அது நீங்க சொல்றதைக் கேக்குது?"

கனகா இதைக் கேட்பது ஏழாவது தடவை. அவளுடைய தங்கதுரை மாமா மதராஸில் இன்ஜினியரிங் படிக்கிறார். 1973 மே மாத லீவுக்கு விருத்தாசலம் வந்தவர், தானே செய்த குட்டி விமானம் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். கூடவே ஒரு பெட்டி, அதில் இரண்டு சின்னக் குச்சிகள். குச்சியை அசைத்தால் வானத்தில் விமானம் திரும்புமாம்!

"ரேடியோ அலை போய்ச் சொல்லுது. முதல் சுத்து நான் விடறேன். அடுத்த சுத்து ஒனக்கு. நீயே பிடிச்சுப் பாரு, புரியும்" என்றார் மாமா.

பூங்கா வாசலில் காவலாளி பழமலை மறித்தார். "இதுக்கு லைசென்சு இருக்குதா?"

மாமா முத்திரை குத்திய காகிதத்தை நீட்டினார். "ரேடியோ லைசென்சு. டில்லியிலேர்ந்து வந்ததுங்க."

"டில்லி கெடக்கட்டும். இந்தப் பார்க்குக்கு நான்தானே?"

பழமலை தகரப் பலகையை விரல் வைத்துப் படித்தார். பந்து ஆடக்கூடாது. ஆடு மேய்க்கக்கூடாது. பூப் பறிக்கக்கூடாது. விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. பாவம், அவர்தான் என்ன செய்வார்! வழி விட்டார்.

கொர்ர்ர் என்று விமானம் கிளம்பிப் புளிய மரத்துக்கு மேலே ஏறியது. கனகா வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். அந்த நேரம் பார்த்தா காற்று அடிக்க வேண்டும்? விமானம் சாய்ந்து, வேலியைத் தாண்டி விழுந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியநாயகியின் பீங்கான் பொம்மைப் பட்டறை. சூளையில் வைத்துச் சுடுவதற்கு முன், பொம்மைகள் வெயிலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. சுடாத பொம்மைக்கு விரல் பட்டாலே மூக்கு உடையும். விமானம் பட்டால் கேட்க வேண்டுமா? ஆறு பொம்மைகள் தலை இல்லாமல் கிடந்தன.

"ஐயையோ! ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலியா?" என்று பெரியநாயகி தலையில் கை வைத்தாள்.

மாமா கனகாவோடு வேலியைச் சுற்றி ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டார்; விமானத்துக்கு இறக்கையில் ஒரு கீறல்தான். பழமலையோ கரித்துண்டை எடுத்துப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'விமானம் விடக்கூடாது.'

"விடு கனகா. எனக்கு நாளைக்கு ராத்திரி ரயிலு. அடுத்த லீவுல பாத்துக்கலாம்" என்றார் மாமா.

அடுத்த லீவா? இன்னும் ஆறு மாதம்! கனகாவுக்கு அழுகை முட்டியது. ஆனால் உடைந்த பொம்மைகளைப் பார்க்க அதைவிடக் கஷ்டமாக இருந்தது. குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள்.

"இதையெல்லாம் தூக்கிப் போட்டுடுவீங்களாக்கா?"

"எதுக்குப் போடணும்? சுடாத மண்ணுதானே, தண்ணியில கரைஞ்சிடும். மறுபடி அச்சுல ஊத்திடுவேன்." பெரியநாயகியின் கோபம் பாதி இறங்கியிருந்தது.

"மிச்சப் பொம்மைங்க எத்தினி நாளு வெயில்ல இருக்கும்?"

"நாளைக்குக் காலையில சூளைக்குள்ள அடுக்கிடுவோம். அப்புறம் ரெண்டு நாளைக்குக் காயவைக்க ஒண்ணுமில்ல."

கனகா சட்டென்று நிமிர்ந்தாள். "அப்போ நாளைக்கு மத்தியானம் இந்த எடம் காலியாத்தானே இருக்கும்?"

பதிலுக்குக்கூட நிற்காமல் பழமலையிடம் ஓடினாள்.

"தாத்தா, எதுக்கு விமானம் விடக்கூடாது?"

"பொம்மை ஒடையுதுல்ல?"

"பொம்மை இல்லாதப்போ?"

பழமலை தாடையைச் சொறிந்தார். "ஆளுங்க தலையில விழுந்தா?"

"எல்லாரும் புளிய மரத்துக்கு இந்தப் பக்கமே நிக்கட்டும். நீங்க பாத்து விசில் ஊதினாத்தான் மாமா கெளப்பணும்."

விசில் என்றதும் பழமலையின் முகம் மலர்ந்தது. ஊதுவதற்கு வாய்ப்பே இல்லாமல் பல மாதமாக அது அவர் பையில் தூங்கிக்கொண்டிருந்தது.

"பொம்மைக்கார அம்மா ஒத்துக்கணுமே?"

பெரியநாயகி வேலிக்கு அப்பாலிருந்து சிரித்தாள். "அடுக்கி முடிச்சதும் நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் அந்த விமானம் வெளியவே வரக்கூடாது!"

பழமலை கரித்துண்டை மறுபடி எடுத்தார். எழுதியிருந்த வரிக்கு மேலே, 'பொம்மை காயும் நேரத்தில்' என்று நெருக்கி எழுதினார்.

மறுநாள் மூன்று மணிக்குப் பெரியநாயகி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "அடுக்கியாச்சு!"

பழமலை கன்னம் உப்ப விசில் ஊதினார். மாமா விமானத்தை உயரத்துக்கு ஏற்றிவிட்டுப் பெட்டியைக் கனகாவிடம் கொடுத்தார்.

"மெதுவா, இடது பக்கம் தள்ளு."

கனகா மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியைக் கட்டைவிரலால் லேசாகத் தள்ளினாள்.

வெகு உயரத்தில், விமானம் இடது பக்கம் திரும்பியது.