கத்தரித்த மனப்படி

“கல்யாணத்தை எடுத்துடலாமா மேடம்?” என்று கேட்டார் மனப்படிக் கடைக்காரர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“எடுத்துடுங்க,” என்றாள் பூரணி.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த செம்பியன் சிரித்தான். “வலிக்காம எடுங்க சார். புருஷன் இங்கதான் இருக்கேன்.”

செவ்வாய்க் கிரகத்தில் போஸ்ட்டாக் எனும், முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலைக்கு ஆட்கள் நேர்காணலுக்குப் போவதில்லை. மனப்படி போகும். மூளையிலிருந்து எடுத்த நகல் அது. ஆய்வகத்தின் கணினிக்குள் ஓடி, ஒரே பிற்பகலில் ஆறு மாத ஆராய்ச்சியைச் செய்து காட்டும். அதைப் பார்த்து ஆளை எடுப்பார்கள். அனுப்புவதற்கு முன் அதிலிருந்து சிலவற்றைக் கத்தரிப்பது வழக்கம். கல்யாணம், குழந்தை ஆசை, முதுகுவலி. விதிப்படி அது தவறு. ஆனால் கத்தரிக்காத படி எதுவும் முதல் சுற்றைத் தாண்டியதில்லை.

பூரணியின் ஒப்பந்தம் அந்த வாரத்தோடு முடிகிறது. பணியில் இருப்பவருக்கும் அவருடைய துணைக்கும் மட்டுமே மனிதர் வாழும் குவிமாடத்துக்குள் காற்று. மற்றவர்கள் அடுத்த கப்பலில் பூமிக்குப் போக வேண்டும். செம்பியன் செவ்வாயில் பிறந்தவன். பூமியின் ஈர்ப்பை அவன் இதயம் தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். விதியில் இதயத்துக்கு இடமில்லை.

மறுநாள் காலை பதில் வந்தது. பூரணி தேர்வாகியிருந்தாள். செம்பியன் அவளைத் தூக்கிச் சுற்றினான்.

“இரு, இறக்கு. கீழ இன்னொரு வரி இருக்கு.”

படிக்குக் காற்று வேண்டாம், அறை வேண்டாம், விடுப்பு வேண்டாம். எனவே படியே பணியில் தொடரும் என்றது அந்த வரி.

பூரணி ஆய்வகத்தை அழைத்தாள். திரையில் அவள் முகமே வந்தது.

“சொல்லுங்க,” என்றது படி.

“ஒரே ஒரு உதவி. இவரை உன் வீட்டுக்காரர்னு பதிஞ்சுடு. இவர் இங்க இருந்துக்கட்டும். நான் கப்பல்ல போயிடறேன்.”

படி செம்பியனைப் பார்த்தது. பார்வையில் ஒன்றும் அசையவில்லை.

“எனக்குக் கல்யாணம் ஆகலியே.”

“ஆகியிருக்கு. கடையில நாங்கதான் எடுக்கச் சொன்னோம்.”

“அப்ப நேர்காணல்ல நான் பொய் சொன்னதா ஆகுமே!” படி குரலைத் தாழ்த்தியது. “மேடம், நானே ஒரு வருஷ ஒப்பந்தத்துலதான் இருக்கேன். சேர்ந்த அன்னைக்கே குடும்பம், அது இதுன்னா என்ன நினைப்பாங்க?”

“இவர் செத்துப் போயிடுவார்.”

படி இதமாகச் சொன்னது:

“உங்க பயோடேட்டாவை அனுப்பி வைங்க. ஏதாவது வந்தா கண்டிப்பா சொல்றேன்.”

திரை அணைந்தது.

செம்பியன் மெல்லக் கேட்டான். “இதை எங்க கத்துக்குச்சு?”

வேலை கேட்டு வந்த ஜூனியர்கள் ஒவ்வொருவரிடமும் பூரணி சொல்லி அனுப்பிய வாக்கியம் அது. கடையில் அதைக் கத்தரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.