பதில் குரல்

ஜேம்ஸின் குரலுக்கு அடுத்து வரும் இடைவெளி நேற்றைவிட நீண்டிருந்தது. கவியரசன் முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டான். ஹெட்போனைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான். "கரை எங்கே?" என்று ஜேம்ஸ் இழுத்துப் பாடுகிறான். கிதார் ஒரு தடவை முனகி அடங்குகிறது. அப்புறம் ஒன்றுமில்லை. பதிவான பாட்டு தானாக நீளாது என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் அந்த ஒன்றுமில்லாத இடத்தில் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதுபோல் இருந்தது.

'உப்புக்காத்து' என்று ஒரு இசைக்குழு பழவேற்காட்டில் கார் ஷெட்டுக்குள் ப்ளூஸ் வாசித்த சங்கதி பக்கத்துத் தெருவுக்கே சரியாகத் தெரியாது. பொன்னேரியில் ஒரு விழாவில் பாதிப் பாட்டிலேயே மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். சென்னையில் மட்டும் கொஞ்சம் பேர் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள். டிரம்ஸ் அடித்த பூவரசன் இப்போது மீஞ்சூரில் ஷிப்டு வேலைக்குப் போகிறான். பாடகன் ஜேம்ஸ் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய்ச் சேர்ந்தான். படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. பேஸ் கிதார் வாசித்த கவியரசன்தான் மிச்சம். வெளிவராமல் கிடந்த பாட்டு, அரைகுறை ஒத்திகை, வேண்டாமென்று ஒதுக்கிய பதிவு எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஆல்பமாகப் போடுகிறோம் என்று சென்னையில் ஒரு சின்னக் கம்பெனி சொன்னதும், உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தான். இது ஒன்றுதான் பாக்கி.

ஜேம்ஸின் தங்கை ரோஸ்மேரியைத்தான் அவன் கட்டியிருந்தான். புதைக்க உடம்பில்லாததால் அவள் இன்னும் அழவில்லை. அண்ணனுக்கும் சேர்த்தே சோறு வடித்தாள். பொழுது சாய்ந்தால் வீட்டுக்குப் பின்னாலிருக்கும் ஏரியைப் பார்த்தபடி நிற்பாள், கூப்பிட்டால் காதில் விழாது. இந்தப் பாட்டை முடித்துக் கொடுத்தால் அவள் காத்திருப்பதும் முடிந்துவிடும், பெண்டாட்டி தனக்குத் திரும்பக் கிடைப்பாள் என்று அவன் நம்பினான். அந்த ஏக்கம் அவனைப் பிடித்து ஆட்டியது.

கரைவலை இழுக்கிறவர்களின் கூப்பாட்டை வைத்து ஜேம்ஸ் கட்டிய பாட்டு அது. ஒருவன் குரல் கொடுப்பான், மற்றவர்கள் பதில் சொல்லிக்கொண்டே கயிற்றை இழுப்பார்கள். ஒரு பதிலுக்கு ஓர் இழுப்பு. ஜேம்ஸ் குரலை மட்டும் பாடி, பதிலுக்கு இடம் விட்டிருந்தான்.

"நீங்களே பாடிடுங்க," என்றாள் ரோஸ்மேரி, அறை வாசலில் நின்று. "ஆரம்பிச்சா நடுவுல நிறுத்தாதீங்க. நிறுத்தினா இழுத்ததெல்லாம் தண்ணிக்கே போயிடும்னு வலை இழுக்கறப்ப எங்க நைனா சொல்வாரு."

"பாட்டுல ஏதுடி கயிறு?" என்று சிரித்தான்.

அவள் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சத்தம் விழக்கூடாதென்று ஃபேனை நிறுத்தினான். எதிரொலிக்காமலிருக்க முட்டை அட்டை ஒட்டிய சுவர்களுக்கு நடுவே புழுக்கம் கவிந்தது. வெளியே வெளிச்சம் மங்கி, கரையில் கவிழ்த்திருந்த படகுகளின் நிழல் ஜன்னல்வரை நீண்டிருந்தது.

"கரை எங்கே?"

"இங்கே வா," என்று பாடினான் கவியரசன்.

நன்றாகத்தான் இருந்தது. அடுத்த கூப்பாட்டுக்கும் பதில் கொடுத்தான், அதற்கடுத்ததற்கும். ஜேம்ஸின் குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதாகப் பட்டது. ஒலியைக் கூட்டினான். கூட்டியதில் வேறொன்று கேட்டது, ஈரக் கயிறு மணலில் உராயும் சத்தம். தன் ஒவ்வொரு பதிலுக்கும் ஓர் உராய்வு. கூடவே சேற்று வாடை, நாள்பட்ட சேற்றைக் கிளறிவிட்டதுபோல், அறைக்குள்ளேயே. தொண்டையிலிருந்து எதையோ நூலாக உருவுவதுபோல் வலித்தது. போதும், நிறுத்திவிடலாம் என்று நினைத்தான். வாய் பாடியது.

"இங்கே வா."

ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தான். லேப்டாப்பை மூடினான்.

"கரை எங்கே?"

ஏரியிலிருந்து வந்தது.

வாசலில் ரோஸ்மேரி இல்லை. சமையலறையிலும் இல்லை. அடுப்பில் சோறு அடிப்பிடித்துக்கொண்டிருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. ஓடினான்.

அவள் தண்ணீரோரம் நின்று, தனியாளாகக் கரைவலையின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை கிழிந்து ரத்தம். முகத்தில் அப்படியொரு சந்தோஷம். கல்யாணத்தன்றுகூட அவன் அதைப் பார்த்ததில்லை.

"கிட்ட வந்துட்டான், பாருங்க!"

விடுடி என்று கத்த வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. மறுபடி கத்தினான். காற்று. அவன் குரல் அவனிடம் இல்லை.

அப்போது ஜேம்ஸ் கூப்பிட்டான். வலைக்குள்ளிருந்து இல்லை. எங்கோ தொலைவில், முகத்துவாரத்தின் பக்கம், அழுகிற குரலில், இன்னும் தூரம் போய்க்கொண்டே.

"கரை எங்கே?"

அப்படியானால் வலையில் இருப்பது?

முழங்கால் தண்ணீரில் வலைக் குவியல் அசைந்தது. நிமிர்ந்தது. ஆள் உயரம். அதற்கும் மேலே. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வலைக்கண்கள் பதிந்திருந்தன. அதற்குக் கீழே, வாய் இருக்கவேண்டிய இடத்தில், மூச்சிழுப்பதுபோல் வலை உள்ளே குழிந்தது. வெளியே புடைத்தது. மறுபடி குழிந்தது.

"இங்கே வா," என்றது. கவியரசனின் குரலில்.

"வந்துட்டியாண்ணா," என்றாள் ரோஸ்மேரி. கயிற்றைப் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.