நேரில் போன அழைப்பு

செவ்வாய்க் கோளின் மூன்றாம் குவிமாடத்தில் காலை ஆறு மணிக்குள் நாற்பத்தேழு பேர் சண்டை போட்டுச் சமாதானமும் ஆகிவிட்டார்கள். அவர்களில் ஒருவர்கூட இன்னும் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை.

எல்லாம் உரைமதியின் வேலை. காதுக்குப் பின்னால் அரிசி அளவில் ஒரு சில்லு. நீங்கள் பேச வேண்டியதை உங்கள் குரலிலேயே அது பேசும். எதிராளியின் உரைமதி பதில் சொல்லும். துக்கம் விசாரிப்பது, கல்யாணத்துக்கு அழைப்பது, மாமியாரைச் சமாளிப்பது எல்லாம் அதன் பொறுப்பு. மனிதர்களுக்கு வாய் சாப்பிட மட்டுமே என்றாகிவிட்டது.

எழிலரசிக்கு இது அடியோடு பிடிக்கவில்லை. மகள் துளிருக்குக் காதுகுத்து வைத்திருந்தாள். குடியேறிகள் பூமியிலிருந்து விடாப்பிடியாகக் கொண்டுவந்த சங்கதிகளில் தாய்மாமன் மடியும் ஒன்று. அவளுடைய ஒரே அண்ணன் அறவாழி ஒன்பதாம் குவிமாடத்தில் இருந்தான். ஐந்து வருடமாக இருவரின் உரைமதிகளும் தினமும் கொஞ்சிக்கொண்டன. அண்ணனும் தங்கையும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இப்படியே போனால் அண்ணன் இல்லாமலே போய்விடுவான் என்று பயந்தாள்.

உரைமதி இருநூறு வீடுகளுக்கு அழைப்பு அனுப்பி முடித்து, “அடுத்து உங்கள் அண்ணன்” என்றது.

“அண்ணனை நான் நேர்ல போய்க் கூப்பிட்டுக்கறேன். நீ வாயை மூடிக்கிட்டு இரு.”

“இப்போது அது வழக்கமில்லை. தவறாக எடுத்துக்கொள்ளக்கூடும்.”

“என் அண்ணனைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கறியா?”

குழந்தையை இடுப்பிலும் வெற்றிலை பாக்குத் தட்டைக் கையிலுமாகச் சுரங்க ரயிலில் ஒன்பது மணி நேரம் போனாள். கதவைத் திறந்த அறவாழிக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை, பழக்கம் விட்டுப்போயிருந்தது.

“எழிலு... இளைச்சுப் போயிட்டியே” என்றான் கடைசியில். இருவரும் அழுதார்கள்.

“நீதான் மடியில வச்சுக்கணும், அண்ணே.”

“நான் இல்லாம வேற எவன் வருவான்?” என்று தட்டை வாங்கிக்கொண்டான். திரும்பும் வழியெல்லாம் அவள் உரைமதியைக் கேலி செய்துகொண்டே வந்தாள்.

காதுகுத்து அன்று கூடம் நிறைந்துவிட்டது. நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. அண்ணன் வரவில்லை, அவனுடைய செய்திதான் வந்தது:

“ஊருக்கெல்லாம் உரைமதி மூலம் முறைப்படி அழைப்பு. கூடப் பிறந்தவனுக்கு மட்டும், வழியில் போகிறவள் எட்டிப் பார்த்ததுபோல வாயால் சொல்லிவிட்டுப் போனாள். அன்று அழுகையில் தட்டை வாங்கிவிட்டேன், முறையான அழைப்பு எங்கே என்று நாலு பேர் கேட்டபோதுதான் உறைத்தது. மரியாதை இல்லாத இடத்துக்கு நாங்கள் வருவதற்கில்லை.”

எழிலரசிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. குழந்தையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு மணையில் உட்கார்ந்தாள்.

“தாய்மாமன் இல்லாம எப்படி?” என்று கூட்டத்தில் ஒருவர் இழுத்தார்.

“அவனைப் பெத்தவதான் என்னையும் பெத்தா. இந்த மடிக்கு என்ன குறைச்சல்? குத்துங்க!”

குத்தினார்கள். துளிர் வீறிட்டாள். பந்திக்கு எல்லோரும் எழுந்தபோது உரைமதி மெல்லக் கேட்டது.

“இப்போதுகூட முறையான அழைப்பை அனுப்பிவிடலாம். இரண்டே நொடி. அனுப்பட்டுமா?”

“அனுப்பினா உன்னைப் பிடுங்கிப் போட்டுருவேன். அடுத்த மாசம் அவன் புது வீடு குடி போறான்ல, உரைமதியை விட்டுத்தான் கூப்பிடுவான். கூடப் பிறந்தவளை நேர்ல வந்து கூப்பிடத் துப்பில்லை, நாங்க வரமாட்டோம்னு சொல்லிடு.”

“நீங்களே சொல்லலாமே?”

“நானா? அவன்கூட எனக்கு இனிமே பேச்சே கிடையாது. நீ பேசு.”