எதன் மேல் வளர்ந்தது

மலேசியாவின் பெக்கோக்கிலிருந்து ரயிலேறி, சிகாமட்டில் இருந்த ஒரு கல்லூரிக்கு சத்தியபாமா வந்து சேர்ந்தபோது காலை பத்து மணி. போன மாதம் இறந்துபோன கணவர் கமலநாதனின் சாமான்களை வாங்க வந்திருந்தாள். கல்லூரியின் இயற்கை வரலாற்றுச் சேகரிப்பில் பூஞ்சை மாதிரிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். பொறுப்பாளர் ஷாமளா எல்லாவற்றையும் பையில் போட்டுத் தயாராக வைத்திருந்தாள். சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் மேடம். வெள்ளத்துக்கப்புறம் அந்த ரூம்ல வேல செஞ்சப்போ அவருக்கு மாஸ்க் குடுத்தீங்களா? நுரையீரல் பூரா பூஞ்சைன்னு டாக்டர் சொன்னாரு."

"குடுத்தோம்க்கா. அவருதான் போடல."

"சொன்னா கேக்க மாட்டாரு லா, எப்பவுமே அப்படித்தான்." செத்த மனுஷனைத் திட்டிக்கொண்டே அவள் போனாள்.

அதுதான் ஷாமளாவைக் குத்தியது. முகக்கவசங்களை அலமாரியில் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஜோகூர் பாருவுக்குக் கூட்டத்துக்குப் போனவள் அவள். வெள்ளத்தில் நனைந்த மாதிரி உறைகளை அன்றைக்கே பிரித்துக் காயவைக்கச் சொல்லி கமலநாதனைப் போனில் விரட்டியவளும் அவள். 'முகக்கவசம் வழங்கப்பட்டது' என்று அறிக்கையில் கூசாமல் கையெழுத்துப் போட்டாள். பாவி.

யார் முகத்தையும் பார்க்கப் பிடிக்காமல் சேகரிப்பு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது. இழுப்பறைகளில் இருப்பதெல்லாம் காகித உறைகளில் மடித்த, எப்போதோ காய்ந்து செத்த பூஞ்சைகள். அந்த அறையில் அந்துருண்டை வாசனைதான் அடிக்கும்.

இன்று ஈரமண் நாறியது.

ஓர் இழுப்பறை திறந்திருந்தது. மேலே ஒரு புது உறை. கமலநாதனின் உருண்டைக் கையெழுத்து. தொட்டதும் மை விரலில் ஒட்டியது.

சேகரித்தவர்: கமலநாதன்.

தேதி: இன்றைய தேதி.

அடுத்த வரி எல்லாப் பூஞ்சை மாதிரிகளுக்கும் கட்டாயம். மரமா, ரொட்டியா, தோலா என்று எழுதியாக வேண்டும்.

எதன் மேல் வளர்ந்தது: ஷாமளா.

உறையைப் பிரித்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

சத்தியபாமாவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் பொய் சொன்னேன். மாஸ்க் குடுக்கல. சாவி எங்கிட்டதான் இருந்துச்சு. என்னாலதான்க்கா அவரு…"

அந்தப் பக்கம் ரயில் நிலைய அறிவிப்பு மட்டும் கேட்டது.

"மேடம்," சத்தியபாமாவின் குரல் கிசுகிசுத்தது. "அவரு அங்கதான் இருக்காரா?"

"யாருமில்லக்கா. நான் மட்டுந்தான் இருக்கேன்."

"இருமுறது கேக்குதே. மூணு தடவ இருமிட்டு மூச்ச இழுக்குறாரு. ஆஸ்பத்திரியில பதினெட்டு நாளு பக்கத்துல உக்காந்து கேட்டவ நான். எனக்குத் தெரியாதா?"

ஷாமளா கையால் தன் வாயைப் பொத்தினாள்.

"இப்ப நின்னுருச்சு," என்றாள் சத்தியபாமா.