ஆம் என்று குறித்த தாள்

பிரஷ் ஈரமாக இருந்தது. ஒரு மாதமாகப் பல் துலக்காத மனுஷனின் பிரஷ். தையல்காரி தொட்டுப் பார்த்தாள். நுனியில் நுரைகூட இருந்தது. அறையில் எட்டிப் பார்த்தால் புருஷன் எப்போதும்போல் சுவர்ப்பக்கம் திரும்பிச் சுருண்டு கிடந்தார், போர்வையின் புளித்த வாடையோடு.

லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். ஏழு மாதத்துக்கு முன்பு கருவிப் பையைக் கீழே வைத்தவர், அப்புறம் எடுக்கவேயில்லை. நாலு மாத்திரை மாற்றியும் மனச்சோர்வு இம்மியும் அசையவில்லை. ஐந்தாவதாக, ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்க்கிற புது மருந்து. வாராவாரம் ஒரு தாள் நிரப்ப வேண்டும்: தூங்கினீர்களா, பல் தேய்த்தீர்களா, பசித்ததா, சிரித்தீர்களா. இரண்டு தாள் வெறுமையாக வந்தால் பெயரை எடுத்துவிடுவோம் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். பேனாவைத் தொட மறுத்தவர் ஒரே ஒரு முறை வாய் திறந்தார்.

“எனக்கு மருந்து கேக்கலைன்னு உள்ளபடி எழுதிடு. வேற ஏதாவது பாப்பாங்க.”

பாவம், அவளுக்கு மனசு வரவில்லை. இதுவும் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம். மூன்று வாரம் தையல் மெஷின்மேல் தாளை வைத்து எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ என்று குறித்தாள்.

மூன்றாவது தாளைக் கொடுத்த மறுநாள்தான் பிரஷ் நனைந்தது. அடுத்த நாள் மூடி வைத்த சோறு பாதி குறைந்திருந்தது. படுத்திருந்தவர் உதடோ வறண்டு வெடித்திருந்தது. மத்தியானம் மெஷின் சத்தத்துக்கு அடியில் கூடத்தில் யாரோ நடக்கும் ஓசை, கூடவே பழைய கிரீஸ் வாடை. மெஷினை நிறுத்தினாள்.

அதுவும் நின்றது.

பிறகு, சிரிப்பு.

வாசல் மணி அடித்தது. அவள் எழுவதற்குள் கூடத்தில் சிரித்தவர் போய்க் கதவைத் திறந்தார்.

“என்னண்ணே, ஆளே மாறிட்டீங்க. மாப்பிள்ளை களை வந்துடுச்சே,” என்றாள், தாள்களைப் படித்துவிட்டு நேரில் பார்க்க வந்த நர்ஸ்.

“நல்லாயிருக்கேம்மா. மருந்து கேக்குது.”

அவர் குரலேதான். வழவழவென்று சவரம் செய்த முகம். சிரிப்பு மட்டும் இறங்கவேயில்லை.

இது அவரில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். எழுதிக் கொடுத்தது அவள்தானே.

குணமானவர்கள் பட்டியலில் சேர்த்துவிடலாம், இனி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியதில்லை என்று நர்ஸ் கடைசித் தாளை நீட்டினாள்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. எழுந்திருக்கப் பார்க்கிறார்.

“யாரு வந்திருக்கா? என்னைக் கூட்டிட்டுப் போகச் சொல்லேன்.”

நர்ஸின் காதில் விழவில்லை.

சிரித்தவர் பேனாவை வாங்கினார். தாளில் ‘ஆம்’ என்று எழுதினார். அச்சு அசலாக, தையல்காரியின் கையெழுத்து.

உள்ளே, கட்டிலில், போர்வை மெல்ல மெல்லத் தட்டையாகிக்கொண்டிருந்தது.